ஐம்பது லட்சம் பேன்கள் தோற்ற இடத்தில்: மரவள்ளிக் கொழுந்தில் நிலைத்த ஓர் இரைவிழுங்கி

1984க்கும் 1988க்கும் இடையில் ஆப்பிரிக்காவின் பத்து நாடுகளில், ஏறக்குறைய 350 இடங்களில், ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட சிலந்திப்பேன்களைக் கொண்டுபோய் மரவள்ளித் தோட்டங்களில் விட்டார்கள். மொத்தம் ஏழு இனங்கள். எல்லாம் கொலம்பியாவைப் பூர்வீகமாகக் கொண்டவை. அவற்றுக்குக் கொடுத்த வேலை ஒன்றுதான்: மரவள்ளி இலையை உறிஞ்சிக்கொண்டிருந்த இன்னொரு சிலந்திப்பேனைத் தின்று குறைக்க வேண்டும். பிறகு போய்ப் பார்த்தபோது ஏழில் ஒன்றுகூட நிலைத்திருக்கவில்லை.

1993இல் பிரேசிலிலிருந்து வந்த டிஃப்லோட்ரோமேலஸ் அரிப்போ என்ற வேறோர் இனத்தைப் பெனின் நாட்டில் விட்டார்கள். அது நிலைத்தது, நாடு விட்டு நாடும் பரவியது. இத்தனைக்கும் அது பசி குறைந்த இனம். ஒரு நாளைக்கு எத்தனை இரையைத் தின்கிறது என்று ஆய்வகத்தில் எண்ணினால், தன்னோடு சேர்ந்து வந்த கூட்டாளி இனத்தைவிடவும் பின்தங்கித்தான் நிற்கும். எண்ணிக்கையிலும் பசியிலும் பலமாக இருந்தவை காணாமல் போக, இது மட்டும் எப்படித் தங்கியது? அதற்கு விடை தேட, முதலில் அதன் குடும்பத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

குருட்டு ஓட்டக்காரர்கள்

அந்தக் குடும்பத்தின் பெயர் ஃபைட்டோசெயிடே. இதுவரை ஏற்கப்பட்ட இனங்கள் சுமார் 2,500. சிலந்திப்பேன் என்றதும் இலையை வெளிறவைக்கும் செம்பேன்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஃபைட்டோசெயிடே அந்தச் செம்பேனின் பரம்பரை எதிரி. இரண்டுமே பூச்சிகள் அல்ல. எட்டுக்கால் கொண்டவை; சிலந்தி, தேள், உண்ணி ஆகியவற்றின் உறவினர்கள். ஆனால் சிலந்திப்பேன்களின் உலகத்துக்குள் இவை இரண்டும் வெகு தூரத்துச் சொந்தம்தான்.

ஓர் இலையைத் திருப்பிப் பிடித்து, பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸை நடுநரம்பின் மேல் வைத்துக்கொண்டு கொஞ்சம் பொறுத்திருந்து பாருங்கள். செடியை உறிஞ்சும் பேன் பெரும்பாலும் வாயைப் புதைத்தபடி ஒரே இடத்தில் கிடக்கும், நகர்ந்தாலும் மெல்ல ஊரும். இரைவிழுங்கி வந்தால் அதன் ஓட்டத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். அரை மில்லிமீட்டருக்கும் குறைவான, பேரிக்காய் வடிவ உடல். எண்ணெய் தடவியது போன்ற பளபளப்பு. நரம்போரமாக ஓடி, நின்று, திரும்பி, மறுபடி ஓடும். நான்கு ஜோடிக் கால்களில் முன் ஜோடியைத் தரையில் ஊன்றாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பார்வையற்றவர் கைத்தடியால் துழாவுவது போல எதிரே உள்ளதைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கும். உண்மையிலேயே இவற்றுக்குக் கண் கிடையாது. இந்தக் குடும்பத்தின் முக்கியமான பேரினம் ஒன்றுக்கு டிஃப்லோட்ரோமஸ் என்று பெயர். கிரேக்கத்தில் அதற்குக் குருட்டு ஓட்டக்காரன் என்று பொருள். பெயர் வைத்தவர் இலையைத் திருப்பி நன்றாகவே பார்த்திருக்கிறார்.

இரை தட்டுப்பட்டதும் கிடுக்கி போன்ற வாயுறுப்பால் குத்திப் பிடித்து உள்ளே இருப்பதை உறிஞ்சிவிடும். மிஞ்சுவது சுருங்கிய வெற்றுத்தோல். இரைவிழுங்கியின் உடல் பாதி ஒளிபுகக்கூடியது என்பதால், கடைசியாக எதைத் தின்றது என்பது வயிற்றின் நிறத்திலேயே தெரியும். செம்பேனைத் தின்றிருந்தால் உடல் சிவந்திருக்கும்.

வாழ்க்கை வேகமானது. முட்டை, ஆறுகால் இளம்பருவம், எட்டுக்கால் கொண்ட இரண்டு இடைப்பருவங்கள், அப்புறம் முதிர்பருவம். 25 டிகிரி செல்சியஸில் பல இனங்கள் இதை ஒரு வாரத்துக்குள் முடித்துவிடும். ஆறுகால் பருவத்தில் சில இனங்கள் எதையும் தின்பதே இல்லை. தாயின் உடலோடு ஒப்பிட்டால் முட்டை மிகப் பெரியது. முட்டையிடும் காலத்தில் தாய் தின்பதில் பெரும்பகுதி முட்டைக்கே போகிறது. இவற்றின் பசியையும் அங்கிருந்துதான் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு பெண் பேன் எத்தனை இரை தின்றது என்ற கேள்வியும் எத்தனை முட்டை இட்டது என்ற கேள்வியும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

இனப்பெருக்கத்தில் ஒரு விசித்திரமும் உண்டு. தேனீயில் ஆண் உருவாகக் கருவுறுதல் தேவையில்லை. கருவுறாத முட்டையே ஆணாகிவிடும். ஃபைட்டோசெயிடேயில் பெரும்பாலான இனங்களில் ஆணாகப் போகும் முட்டையும் கருவுற்றே ஆக வேண்டும். ஆனால் கரு வளரத் தொடங்கியதும் தந்தையிடமிருந்து வந்த குரோமோசோம் தொகுதி முழுவதும் சுருங்கி வெளியேற்றப்பட்டுவிடும். தாயிடமிருந்து வந்த பாதியோடுதான் மகன் வாழ்கிறான். ஆக, ஒரு தோட்டத்தில் தனியாகப் போய் இறங்கும் பெண், ஏற்கெனவே இணை சேர்ந்திருந்தால் மட்டுமே அங்கே ஒரு குடும்பத்தைத் தொடங்க முடியும். புது இடத்தில் குடியேற்றும் வேலையில் இது சாதாரண விஷயமல்ல.

குடும்பம் ஒன்று என்றாலும் சாப்பாட்டுப் பழக்கத்தில் பெரிய பிளவு இருக்கிறது. மக்மர்ட்ரி, கிராஃப்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1997இல் இதை நான்கு வகையாகப் பிரித்தார்கள். ஒரு முனையில் ஃபைட்டோசெயுலஸ் பெர்சிமிலிஸ் போன்ற தீவிர சிறப்பு வேட்டைக்காரர்கள். அடர்ந்த வலை பின்னும் சிலந்திப்பேன்களை மட்டுமே தின்று, அந்த வலைக்குள்ளேயே புகுந்து வேலை செய்பவை. உலகம் முழுக்கக் கண்ணாடிக்கூடச் சாகுபடிக்காக விற்பனையாகும் இனங்களில் பெர்சிமிலிஸும் ஒன்று. மறுமுனையில் மகரந்தமே முக்கிய உணவாகவும் பேன் துணை உணவாகவும் கொண்டவை. நடுவில், கிடைத்ததைத் தின்று காலம் தள்ளுபவை: வேறு குடும்பத்துப் பேன்கள், இலைப்பேன் குஞ்சு, பூஞ்சை, மகரந்தம், இலையில் கசியும் இனிப்பு நீர். நம் கதாநாயகன் இந்த நடுவகை.

மரவள்ளிக்கு வந்த எதிரி

மரவள்ளி தென் அமெரிக்கப் பயிர். 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர்கள் அதை ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுவந்தார்கள். பயிர் வந்தது, அதன் சொந்த ஊர் எதிரிகள் பல வரவில்லை. கிட்டத்தட்ட நானூறு ஆண்டுகள் அந்தச் சலுகை நீடித்தது. 1970களின் தொடக்கத்தில் இரண்டு எதிரிகள் சில ஆண்டு இடைவெளியில் வந்து சேர்ந்தன. ஒன்று மாவுப்பூச்சி. இன்னொன்று, 1971இல் உகாண்டாவில் கண்டுபிடிக்கப்பட்ட மோனோனிக்கெல்லஸ் தனஜோவா, அதாவது மரவள்ளிப் பச்சைச் சிலந்திப்பேன். நடவுக்காக எடுத்துச் செல்லும் தண்டுத் துண்டுகளில் ஒட்டிக்கொண்டும் காற்றில் மிதந்தும் பதினைந்து ஆண்டுகளுக்குள் மரவள்ளி விளையும் ஆப்பிரிக்கா முழுவதும் பரவிவிட்டது.

பச்சைப்பேன் விரும்புவது இளம் இலைகளின் அடிப்பக்கம். உறிஞ்சிய இடமெல்லாம் மஞ்சள் புள்ளி விழும். புள்ளிகள் ஒன்றுகூடி இலை வெளிறும், குறுகும், கோணும். பார்ப்பவர்கள் தேமல் நோய் என்று நினைத்துவிடுவதும் உண்டு. தாக்குதல் முற்றினால் நுனி இலைகள் உதிர்ந்து, தண்டின் உச்சி மொட்டையாக, அணைந்த மெழுகுவத்தி போல நிற்கும். உச்சம் எப்போதும் வறண்ட காலத்தில்தான். மழை தொடங்கினால் அடித்துக்கொண்டு போய்விடும், புதுத் துளிரும் வரும். கிழங்கு மட்டுமல்ல, மத்திய ஆப்பிரிக்காவில் இலையும் தினசரிச் சாப்பாடு. இரண்டு பக்கமும் அடி.

மருந்து அடித்துச் சமாளிக்கலாமே என்று தோன்றும். கைப்பிடி நிலத்தில் தன் வீட்டுக்கு விளைவிக்கும் விவசாயிக்கு அது கட்டுப்படியாகாது. கட்டுப்படியானாலும் சிலந்திப்பேன் விஷயத்தில் மருந்து ஒரு பொறி. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில ஆப்பிள் தோட்டங்களில் இது கண்கூடாகத் தெரிந்தது. புழுவுக்காக அடித்த மருந்து இரைவிழுங்கிகளையும் கொன்றது, செம்பேன் கட்டுக்கடங்காமல் பெருகியது. மருந்துக்குத் தாக்குப்பிடிக்கும் ஃபைட்டோசெயிட் இனம் ஒன்று அங்கே தானாக உருவாகியிருந்ததைப் பயன்படுத்தி, மருந்தின் அளவைக் குறைத்து அதைக் காப்பாற்றும் முறையை ஸ்டான்லி ஹாய்ட் 1969இல் வெளியிட்டார். அதில் எனக்குப் பிடித்த பகுதி வேறு. ஆப்பிள் இலையில் துருப்பேன் என்ற சின்னப் பேன் ஒன்று இருக்கும். பெரிய சேதம் செய்யாது. அதையும் ஒழிக்க வேண்டாம், விட்டுவையுங்கள் என்றார் ஹாய்ட். செம்பேன் குறைந்த நாட்களில் இரைவிழுங்கிக்கு அதுதான் சாப்பாடு. இந்த விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

முதல் முயற்சி எங்கே சறுக்கியது

மாவுப்பூச்சியின் கதை ஒரு குளவியால் முடிந்தது. பராகுவேயில் கண்டெடுத்த மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவியை 1981இல் நைஜீரியாவில் விட்டார்கள். அது கண்டம் முழுக்கப் பரவி மாவுப்பூச்சியை அடக்கியது. அந்தத் திட்டத்தை நடத்தியது பன்னாட்டு வெப்பமண்டல வேளாண் நிறுவனம். தலைமை தாங்கிய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அதே நிறுவனத்தில் பச்சைப்பேனுக்கான வேலையை முன்னெடுத்தவர் ஸ்டீவ் யானினெக். குளவி அத்தனை அழகாக வேலை செய்ததால், பேனுக்கும் அப்படி ஒரு விடை இருக்கும் என்று எதிர்பார்த்தது இயல்புதான்.

கொலம்பியாவில் தேடத் தொடங்கியதற்கும் காரணம் இருந்தது. அங்கே மரவள்ளி ஆராய்ச்சி மையம் இருந்தது, பேன்களை அறிந்தவர்கள் இருந்தார்கள், மரவள்ளி மேல் வாழும் ஃபைட்டோசெயிட்களும் நிறைய இருந்தன. பிடித்து வளர்த்து லட்சக்கணக்கில் அனுப்ப முடிந்தது. அனுப்பினார்கள். ஒன்றும் நிலைக்கவில்லை.

காரணமாகச் சொல்லப்பட்டவை இரண்டு. ஒன்று காற்றின் ஈரப்பதம். ஃபைட்டோசெயிட் முட்டையின் ஓடு மெல்லியது. காற்று மிக வறண்டால் பொரிவதற்கு முன்பே முட்டை சுருங்கிவிடும். ஈரமான இடத்து இனங்களை மாதக்கணக்கில் மழையில்லாத இடத்தில் விட்டால் ஒரு தலைமுறைகூடத் தாண்டாது. இன்னொன்று மாற்று உணவு. மழை வந்து பச்சைப்பேன் குறையும்போது இரைவிழுங்கிக்கு வேறு சாப்பாடு வேண்டும். அது இல்லாத இனங்கள் அந்த மாதங்களைக் கடக்கவில்லை.

இரண்டாவது காரணத்துக்கு ஆப்பிரிக்காவுக்கு வெளியே, ஆரஞ்சுப் பழங்களோடு நடந்த ஒரு பழைய பரிசோதனை நல்ல விளக்கம். கார்ல் ஹஃபேக்கர் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1958இல் அதை வெளியிட்டார். தட்டுகளில் ஆரஞ்சுகளையும் ரப்பர் பந்துகளையும் வரிசையாக அடுக்கி, ஆரஞ்சைத் தின்னும் ஒரு பேனையும் அதைத் தின்னும் ஃபைட்டோசெயிட்டையும் விட்டார். சின்ன அமைப்பில் ஒவ்வொரு தடவையும் ஒரே முடிவுதான்: இரைவிழுங்கி எல்லா இரையையும் கண்டுபிடித்துத் தின்றது, பிறகு பட்டினி கிடந்து செத்தது. 252 ஆரஞ்சுகள் வரை பெரிதாக்கி, வாசலின் தடவி வழிகளை அடைத்து, இரை ஏறி நூலில் மிதந்து போகச் சின்ன மரக்குச்சிகளை நட்டு, மின்விசிறியும் வைத்த பிறகுதான் இரண்டும் மூன்று ஏற்ற இறக்கங்கள் வரை சேர்ந்து வாழ்ந்தன. அளவுக்கு மீறிய பசி ஓர் இடத்திலேயே அடைபட்டால் முடிவு பட்டினிதான் என்பதை அந்த ஆரஞ்சுகள் காட்டின. பின்னாளில் ஆம்ஸ்டர்டாமில் மாரிஸ் சபெலிஸும் அவருடைய குழுவும் இதைக் கணக்காகவே போட்டார்கள். கடைசி இரை வரை தின்றுவிட்டுக் கிளம்புகிறவர்களைக் கொலையாளிகள் என்றும், இரை மிச்சமிருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறுகிறவர்களைப் பால் கறப்பவர்கள் என்றும் அழைத்தார்கள்.

கண்ணாடிக்கூடத்தில் கொலையாளிதான் வேண்டும். வேலை முடிந்ததும் செத்தாலும் பரவாயில்லை, அடுத்த பருவத்துக்குப் புதிதாக வாங்கி விட்டுக்கொள்ளலாம். வாங்கி விட ஆள் இல்லாத மரவள்ளித் தோட்டத்தில் அந்தக் கணக்கு செல்லாது. கொலம்பிய இனங்களை விட்டவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. ஆனால் ஆய்வகத் தட்டில் ஓர் இரைவிழுங்கி எத்தனை இரை தின்கிறது என்று எண்ணுவது சுலபம். இரையே இல்லாத மூன்று மாதத்தை அது எப்படிக் கடக்கும் என்று எண்ணுவது அப்படியல்ல. தேர்வில் முதல் அளவுகோலுக்கு எடை கூடிப் போனது என்பது என் கணிப்பு.

கொழுந்துக்குள் ஒரு குடித்தனம்

தேடல் பிரேசிலின் வடகிழக்குக்குத் திரும்பியது. அங்கே வெயிலும் வறண்ட மாதங்களும் மேற்கு ஆப்பிரிக்காவோடு ஒத்துப்போகும். பிரேசிலின் அரசு வேளாண் ஆராய்ச்சி நிறுவனமான எம்ப்ராப்பா துணை நின்றது. கில்பெர்ட்டோ டி மொராயிஸ் போன்ற வகைப்பாட்டியல் அறிஞர்கள் இல்லாமல் இது நடந்திருக்காது. ஒரே பெயரில் அழைக்கப்பட்டுவந்த பேன்களுக்குள் தனி இனம் ஒன்று ஒளிந்திருந்ததை அவர்தான் பிரித்து, 1994இல் மானிஹோட்டி என்று பெயரிட்டார். ஒரு மயிரின் நீளத்தில் இன வேறுபாடு பார்க்கும் வேலை அது. வெளியிலிருந்து பார்த்தால் வெட்டி வேலை போலத் தெரியும். ஆனால் எந்த இனத்தை விட்டோம் என்பதே தெரியாவிட்டால், எது நிலைத்தது என்று எப்படிச் சொல்வது?

மூன்று இனங்கள் பெனினுக்கு வந்தன. நியோசெயுலஸ் இடேயஸ், டிஃப்லோட்ரோமேலஸ் மானிஹோட்டி, டிஃப்லோட்ரோமேலஸ் அரிப்போ. கடைசிப் பெயரைக் கேட்டதும் நமக்குச் சொறியத் தோன்றும். பாவம், அது மனிதர் பக்கமே வராது. முதல் இரண்டும் சில நாடுகளில் வேர் பிடித்தன. அரிப்போதான் கண்டம் தாண்டிய வெற்றி. 1993இல் விட்ட இடத்திலிருந்து முதல் ஆண்டில் சுமார் 12 கிலோமீட்டர் நகர்ந்தது, அப்புறம் வேகம் பிடித்தது. இறக்கை கிடையாது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்தத் தூரத்தைப் பாருங்கள். இலை விளிம்பில் ஏறி நின்று, காற்றில் விழுந்து, விதி இருந்தால் இன்னொரு மரவள்ளிச் செடியில் இறங்கும் பயணம் அது.

அரிப்போவின் ரகசியம் இருப்பிடம். மரவள்ளித் தண்டின் உச்சியில் இன்னும் விரியாத குட்டி இலைகள் ஒன்றையொன்று பொத்திக்கொண்டு ஒரு கொழுந்து இருக்கும். பகல் முழுவதும் அரிப்போ அதற்குள்தான். பட்டப்பகலில் ஒரு கொழுந்தை ஒடித்து, விரலால் குட்டி இலைகளை ஒவ்வொன்றாகப் பிரித்தால், வெளிச்சம் பட்டதும் பளபளப்பான பேன்கள் அடுத்த மடிப்புக்குள் ஓடி ஒளிவதைப் பார்க்கலாம். வெளியே காற்று காய்ந்துகொண்டிருக்கும். மடிப்புக்குள் நிழல், மென்மையான ரோமங்கள், செடி மூச்சுவிடும் ஈரம். முட்டை காய்ந்துபோகும் சிக்கல் அங்கே பெருமளவு தீர்ந்துவிடுகிறது. கொலம்பிய இனங்களைக் கவிழ்த்த முதல் காரணத்துக்கு அரிப்போவின் பதில் இது.

இரவானதும் இறங்கும். பெனினில் அலெக்சிஸ் ஓன்சோ, ரச்சித் ஹன்னா ஆகியோர் செய்த ஆய்வுகளில் இது தெளிவானது. இருட்டியதும் கொழுந்திலிருந்து ஒரு பகுதிப் பேன்கள் கீழே உள்ள முதல் சில இலைகளுக்கு வந்து வேட்டையாடும். விடிவதற்குள் மறுபடி மேலே. அந்த முதல் சில இலைகள்தான் பச்சைப்பேனின் முக்கிய மேய்ச்சல் நிலமும்கூட. ஆக, வீடும் வேட்டைக்காடும் ஒரு சாண் தூரத்தில்.

இரை குறையும் காலத்துக்கும் அதனிடம் வழி இருக்கிறது. மக்காச்சோள மகரந்தம் காற்றில் வந்து விழுந்தால் தின்னும். மரவள்ளி இலைக்காம்பில் கசியும் இனிப்பு நீரைக் குடித்தும் நாள் கடத்தும். முட்டை அதிகம் இடாது, ஆனால் சாகாது. ஆப்பிள் தோட்டத்துத் துருப்பேன் செய்த வேலையை இங்கே மகரந்தமும் செடியின் கசிவும் செய்தன. செடிக்கும் இதில் லாபம் உண்டு. பச்சைப்பேன் தாக்கிய மரவள்ளி இலை ஒருவித வாசனையை வெளியிடுகிறது. அரிப்போவும் மானிஹோட்டியும் அந்த வாசனையை நோக்கி நகர்கின்றன என்று பரிசோதனைகள் காட்டின. கண் இல்லாத வேட்டைக்காரனுக்கு வழிகாட்டி அதுதான். தாக்கப்பட்ட செடி இப்படி உதவிக்கு அழைக்கும் என்பதே 1980களில் நெதர்லாந்தில், இதே குடும்பத்து பெர்சிமிலிஸையும் அவரைச் செடியையும் வைத்துத்தான் முதலில் விரிவாகக் காட்டப்பட்டது.

செடியும் பேனும் இப்படி ஒத்துழைப்பது புதிதல்ல. பல மரங்களின் இலை நரம்புகள் பிரியும் மூலையில் ஒரு சின்னக் குழியோ ரோமக் குஞ்சமோ இருக்கும். அவற்றில் பேன்கள் குடியிருப்பதைக் கவனித்த ஸ்வீடன் நாட்டு ஆக்செல் லுண்ட்ஸ்ட்ரோம், 1887இலேயே அவற்றைப் பேன் வீடுகள் என்று அழைத்தார். மரவள்ளிக் கொழுந்து அதற்காக உருவான வீடு என்று சொல்ல முடியாது. ஆனாலும் அரிப்போ அதை வீடாக்கிக்கொண்டது.

பயந்து இறங்கும் இரை

எனக்கு இந்த நிகழ்விலேயே மிகவும் சுவாரசியமான பகுதி இதுதான். அரிப்போ கொழுந்தில் இருக்கிறது, மானிஹோட்டி கீழே விரிந்த இலைகளில் இருக்கிறது. பச்சைப்பேனுக்கு இந்த வேறுபாடு தெரியுமா? சாரா மகல்யாயிஸும் சக ஆய்வாளர்களும் 2002இல் வெளியிட்ட பரிசோதனை, தெரியும் என்கிறது. கொழுந்துவாசியான அரிப்போ இருப்பதை உணர்ந்த பச்சைப்பேன்கள் செடியில் கீழே இறங்கின. இலைவாசியான மானிஹோட்டியை உணர்ந்தபோது மேலே ஏறின. வாசனை மட்டும் வந்தால்கூட அப்படியே செய்தன. எதிரி எந்த மாடியில் குடியிருக்கிறான் என்பது வரை அந்தக் கால் மில்லிமீட்டர் உயிருக்கு விவரம் புரிந்திருக்கிறது.

இதை வைத்துப் பார்த்தால் பசி எண்ணிக்கை இன்னும் பொருளிழந்துபோகிறது. ஒரு பச்சைப்பேன் அரிப்போவுக்குப் பயந்து கீழே உள்ள முதிர்ந்த இலைக்கு இறங்கினால், அதை யாரும் தின்னவில்லை. ஆனால் கொழுந்தும் இளம் இலைகளும் தப்பின. முதிர்ந்த இலை அதற்கு அவ்வளவு நல்ல சாப்பாடும் அல்ல. தட்டில் வைத்து எண்ணும் ஆய்வில் இந்தக் கணக்கு வரவே வராது. இரண்டு இரைவிழுங்கிகளும் ஒரே செடியில் இருந்தால் மேலேயும் இடமில்லை, கீழேயும் இடமில்லை.

பலன் எவ்வளவு? அரிப்போ நிலைத்த இடங்களில் பச்சைப்பேன் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது, கிழங்கு மகசூல் மூன்றில் ஒரு பங்கு வரை கூடியது என்பது திட்டத்தை நடத்தியவர்களின் மதிப்பீடு. மாவுப்பூச்சியைக் குளவி ஒடுக்கியது போன்ற முழு வெற்றி அல்ல இது. பச்சைப்பேன் இன்னும் இருக்கிறது, இருக்கவும் செய்யும். அது முற்றிலும் ஒழிந்தால் அரிப்போவுக்கும் நெருக்கடிதான்.

எங்கே பலிக்கவில்லை

வெற்றியைச் சொல்லும்போது இதை விழுங்கிவிடக் கூடாது. அரிப்போவுக்குக் குளிர் ஆகாது. கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டரைத் தாண்டிய மேட்டு நிலங்களில் அது தடுமாறியது. அதற்காகத் தெற்கு பிரேசிலின் குளிர்ந்த பகுதிகளிலிருந்து அதே இனத்தின் வேறு கூட்டங்களைத் தேட வேண்டியிருந்தது. ஒரே இனம் என்பதால் எல்லாக் கூட்டமும் ஒன்றுபோல் இருக்கும் என்று நினைத்தால் தப்பு.

இன்னொரு சிக்கல் செடியிலேயே இருந்தது. மரவள்ளி ரகங்களில் சிலவற்றின் கொழுந்து ரோமமாக இருக்கும், சிலவற்றில் வழவழப்பாக இருக்கும். அரிப்போ ரோமக் கொழுந்தில் தங்கும், வழவழப்பான கொழுந்தை அவ்வளவாக மதிப்பதில்லை. ஆக, ஒரு விவசாயி சமையல் ருசிக்காகவோ சீக்கிரம் விளைவதற்காகவோ வழவழப்பு ரகத்தைத் தேர்ந்தெடுத்தால், தன்னையறியாமல் இந்தப் பேனையும் வீட்டை விட்டு வெளியேற்றிவிடுகிறார். பயிர் மேம்பாட்டாளர்களின் பட்டியலில் கொழுந்து ரோமமும் ஒரு குணமாகச் சேர்ந்தது இப்படித்தான். ரோமக் கொழுந்துள்ள ரகத்தை மற்ற ரகங்களோடு கலந்து நட்டால் அரிப்போ தோட்டத்தில் தங்குமா என்றும் சோதித்துப் பார்த்தார்கள்.

பரப்பும் முறை மட்டும் வியப்பூட்டும் அளவுக்கு எளிமையானது. வளர்ப்புக்கூடமோ பெட்டியோ தேவையில்லை. அரிப்போ இருக்கும் தோட்டத்தில் சில கொழுந்துகளை ஒடித்து, வாடுவதற்குள் எடுத்துப்போய், இல்லாத தோட்டத்தின் கொழுந்துகள் மேல் ஒட்டினாற்போல வைத்துவிட்டால் போதும். ஒடித்த கொழுந்து வாட, பேன்கள் அடியில் இருக்கும் புதுக் கொழுந்துக்கு மாறிக்கொள்ளும். இருக்கிறதா என்று பார்ப்பதும் அப்படியே. ஆய்வாளர்கள் தோட்டத்தைக் குறுக்கே நடந்து, கொழுந்துகளைப் பிரித்து, எத்தனையில் அரிப்போ இருக்கிறது என்று எண்ணுவார்கள்.

வறண்ட காலத்தின் கடைசியில் அந்த எண்ணிக்கை மிகவும் தாழ்ந்துவிடும். செடி இலையை உதிர்த்துவிட்டு நிற்கும், கொழுந்து சுண்டிச் சிறுத்திருக்கும், உள்ளே ஒளிய மடிப்பே இருக்காது. தோட்டமெல்லாம் தேடினால் சில செடிகளில், கொஞ்சம் தடித்த கொழுந்துகளில், ஒன்றிரண்டு பேன்கள் அகப்படும். பார்ப்பவருக்கு 1988இன் கதை திரும்பிவிட்டது போலத்தான் தோன்றும். மழை விழுந்து இரண்டு மூன்று வாரத்தில் புதுக் கொழுந்துகள் பருக்கத் தொடங்கும்போது, அந்த ஒன்றிரண்டிலிருந்து அடுத்தடுத்த செடிகளுக்குப் பேன்கள் மறுபடி ஏறத் தொடங்கும்.